முகச் சுருக்கமும் மனச் சுருக்கமும்

பெங்களூர் மாநகரின் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் அமைந்துள்ளது. 1974-ஆம் ஆண்டில் இன்றைய உருவைப் பெற்ற இந்த நிறுவனத்தை நாடித் தென்னகம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுள் சிலருக்கு விசித்திரமானதொரு துன்பம். கண்ணில் குறை எதுவும் இல்லை. பார்வையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இமைகளைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக் கண்களை மூடிவிடுகின்றன. சாலையின் நடுவில் நிற்கும்போதும் மூடும். அடுப்பின் முன் நிற்கும்போதும் மூடும். வேறு சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. பேனாவைப் பிடித்தவுடன் விரல்கள் முறுக்கிக்கொண்டு எழுத இயலாமல் தவிப்போரும் உண்டு. இத்தகைய நோய்களுக்கு, இறுகிய தசையினுள் மெல்லிய ஊசியின் வழியே மிகச் சிறிய அளவில் ஒரு மருந்து செலுத்தப்படுகிறது. சில நாட்களில் தசை தளர்கிறது. மூடிய கண் திறக்கிறது.

அதே மருந்து, அதே நகரத்தில், ஜெயநகரிலும் இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் உள்ள தோல் மருத்துவ நிலையங்களிலும் அழகுச் சிகிச்சை நிலையங்களிலும் வேறொரு காரியத்திற்குப் பயன்படுகிறது. நெற்றியில் விழுந்த கோடுகள், புருவங்களுக்கு இடையே நிற்கும் இரட்டை வரிகள், சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் சுருக்கங்கள் ஆகியவற்றை மறைப்பதே அந்தக் காரியம். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, மதிய உணவு இடைவேளையில் சென்று திரும்பிவிடலாம் என்கிறார்கள். திருமணத்திற்கு முன்பும், வேலைக்கான நேர்காணலுக்கு முன்பும், சில சமயம் எந்தக் காரணமும் இன்றியும் மக்கள் அங்கே செல்கின்றனர். பெண்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆண்களும் செல்கின்றனர்.

ஒரே மருந்து இரண்டு விதமான மனிதர்களிடம் செல்கிறது. இவர்களுள் ஒருவரைப் போற்றி மற்றவரை ஏளனம் செய்வது எளிது. சாதகனுக்கு அந்த ஏளனத்தால் பயன் ஒன்றுமில்லை. முகத்தில் ஒரு கோடு விழும்போது மனத்தில் அச்சம் ஏன் எழுகிறது என்று கேட்டுப் பார்ப்பதே அவனுக்குப் பயன் தருவது.

நஞ்சு மருந்தான வரலாறு

அந்த மருந்து போட்டுலினம் என்னும் நச்சு. 'போட்டாக்ஸ்' என்ற வணிகப் பெயரால் பலரும் அதை அறிவர். 1820-களில் ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் வாழ்ந்தார். அவர் கவிஞரும் ஆவார். கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தை உண்டவர்கள் தசைகள் செயலிழந்து மடிவதைக் கண்டு அவர் விரிவாக எழுதினார். அந்தப் பண்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பின்னர் நச்சுக்கும் பெயராயிற்று. அளவறிந்து கொடுத்தால் இந்த நஞ்சே மருந்தாகக்கூடும் என்றும் கெர்னர் ஊகித்தார். 1895-இல் பெல்ஜியத்தின் சிற்றூர் ஒன்றில் இறுதிச் சடங்கில் வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றனர், சிலர் இறந்தனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்ற அறிஞர் இந்த நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரியைக் கண்டுபிடித்தார்.

நஞ்சை மருந்தாக்கும் பணியைச் செய்தவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவை இன்றிச் சரிசெய்ய அவர் இதைப் பயன்படுத்தினார். 1989-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்திற்கும் இந்த மருந்தைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமை இறுக்கத்திற்காக ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, தம் புருவ மத்தியிலும் ஊசி போடுமாறு கேட்டார். அங்கே போட்டால் முகம் கவலையற்றதாகத் தோன்றுகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஜீன் இதைத் தம் கணவரான தோல் மருத்துவர் அலஸ்டேரிடம் கூறினார். இருவரும் சேர்ந்து 1992-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 2002-இல் புருவ மத்தியின் சுருக்கத்திற்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

அந்தப் பெண்மணி கவலை நீங்கிற்று என்று கூறவில்லை. முகம் கவலையற்றதாகத் தோன்றுகிறது என்றுதான் கூறினார். மிக நேர்மையான சொல் அது.

மருந்து செயல்படும் முறையும் இதையே காட்டுகிறது. நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுமந்து செல்கிறது. நச்சு அந்தப் பொருள் வெளிப்படாதபடி தடுக்கிறது. தசை உயிருடன்தான் இருக்கிறது. ஆணை மட்டும் அதை வந்தடைவதில்லை. சுருங்கும் ஆணை வராததால் மேலே உள்ள தோல் மடிவதில்லை. ஆகவே கோடு மறைகிறது. கோபம் எழுந்தால் அது எழுந்த இடத்தில் எழுந்தபடியேதான் இருக்கிறது. அது முகத்திற்கு அனுப்பிய ஓலை மட்டும் வழியில் நின்றுவிட்டது. மூன்று நான்கு மாதங்களில் நரம்பு தன் வழியை மீண்டும் பெறுகிறது. கோடு திரும்பி வருகிறது. எனவே மறுபடியும் ஊசி. யுகாதிக்கு ஒருமுறை, வரமகாலட்சுமி விரதத்திற்கு ஒருமுறை, சங்கராந்திக்கு ஒருமுறை என்று பண்டிகைகளோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

மற்றொரு வகை ஊசி பள்ளத்தை நிரப்புவது. ஹையலூரானிக் அமிலம் என்ற கூழ் போன்ற பொருளைத் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள் அது. 1934-இல் பசுவின் கண்ணிலிருந்து முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தனர். இதன் பயன் ஆறு மாதங்களோ ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். பிறகு உடல் அதைக் கரைத்துக்கொள்கிறது.

பிரஜாபதியின் நீர்ப் பாத்திரம்

சாந்தோக்கிய உபநிஷத்தில் ஒரு வரலாறு வருகிறது. பாவமற்றதும் மூப்பற்றதும் மரணமற்றதும் துயரமற்றதும் ஆன ஆத்மாவை அறிபவன் எல்லா உலகங்களையும் அடைகிறான் என்று பிரஜாபதி கூறினார். தேவர்களும் கேட்டனர், அசுரர்களும் கேட்டனர். தேவர்களிலிருந்து இந்திரனும் அசுரர்களிலிருந்து விரோசனனும் கையில் சமித்துடன் பிரஜாபதியிடம் சென்றனர். 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காத்து அவரிடம் தங்கினர்.

ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி அதில் உங்களைப் பாருங்கள் என்றார் பிரஜாபதி. பார்த்தார்கள். தலைமுடி முதல் நகம் வரை தங்கள் உருவம் அப்படியே தெரிகிறது என்றார்கள். இப்போது நன்கு அலங்கரித்துக்கொண்டு, நல்லாடை உடுத்திப் பாருங்கள் என்றார். அலங்கரித்துக்கொண்டு பார்த்தார்கள். நீரில் தெரிந்த உருவமும் அலங்கரிக்கப்பட்டிருந்தது. இதுவே ஆத்மா, இது மரணமற்றது, அச்சமற்றது என்றார் பிரஜாபதி. இருவரும் மனநிறைவுடன் புறப்பட்டனர்.

விரோசனன் அசுரர்களிடம் சென்று, இந்த உடலே ஆத்மா, இதையே போற்ற வேண்டும், இதற்கே தொண்டு செய்ய வேண்டும் என்று உபதேசித்தான். அதனால்தான் அசுர இயல்பினர் இறந்தவரின் உடலையும் வாசனைத் திரவியங்களாலும் ஆடை அணிகளாலும் அலங்கரித்து, அதனால் மறுவுலகை வென்றுவிடலாம் என்று எண்ணுகிறார்கள் என்று உபநிஷத் தொடர்கிறது. இந்திரனோ தேவலோகம் சேர்வதற்கு முன், பாதி வழியிலேயே நின்றான். ஓர் ஐயம் அவனைப் பிடித்துக்கொண்டது. உடலை அலங்கரித்தால் நிழலும் அழகாகிறது. அப்படியானால் உடல் குருடானால் நிழலும் குருடாகும். உடல் ஊனமுற்றால் நிழலும் ஊனமுறும். உடல் அழிந்தால் நிழலும் அழியும். இதில் நன்மை எதையும் நான் காணவில்லையே! இந்திரன் மீண்டும் சமித்தைக் கையில் ஏந்தித் திரும்பி வந்தான். மேலும் 32 ஆண்டுகள், மேலும் 32 ஆண்டுகள், இறுதியில் 5 ஆண்டுகள் என்று மொத்தம் 101 ஆண்டுகள் பிரஜாபதியிடம் தங்கினான்.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் அதன் தொடக்கம். விரோசனனும் மூப்பில்லாததைத் தேடித்தான் வந்தான். அவனுடைய தேடலில் பிழை இல்லை. மூப்பும் மரணமும் அற்றதொன்று நம்முள் இருப்பதால்தான் மூப்பு நமக்கு அந்நியமாகப்படுகிறது. ஐம்பது வயதில் கண்ணாடியின் முன் நின்று, "இது நானல்லவே" என்று ஒருவர் திடுக்கிடும்போது, அந்தச் சொல்லில் அவர் அறிந்ததைவிடப் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவர் முப்பது வயதில் எப்படி இருந்தாரோ அப்படியே தம்மை உணர்கிறார். கண்ணாடியில் தெரிவது மட்டும் மாறியிருக்கிறது. இந்த வியப்பிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. மாறாதவர் யார் என்று விசாரிப்பது ஒரு வழி. மாறியதை மாறாதது போல் காட்டுவது மற்றொரு வழி. விரோசனன் நல்ல விண்ணப்பத்தைத் தவறான முகவரியில் சேர்த்துவிட்டான்.

அலங்காரமும் அச்சமும்

இங்கே ஒரு கேள்வி எழலாம். நம் முன்னோர் மஞ்சள் பூசினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். நரைக்கு மருதாணி இட்டார்கள். கோயில் மூர்த்திக்கே நாள்தோறும் சந்தனக் காப்பும் புஷ்ப அலங்காரமும் செய்கிறோம். ஊசி மட்டும் எவ்வகையில் தவறு?

தவறு என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. உடல் தர்மத்திற்குரிய முதற் கருவி. அதைப் பேணுவது கடமை. திருமூலர் உடம்பை இறைவனின் கோயிலாகக் கண்டவர். விபத்தில் முகம் சிதைந்தவருக்கும், வியாதியால் முகம் கோணியவருக்கும் மருத்துவர் செய்யும் உதவி பெரும் புண்ணியம். எவருக்கும் தீங்கின்றி, தம் சக்திக்கு உட்பட்ட செலவில், ஒருவர் தம்மை அழகுபடுத்திக்கொள்வதைப் பாவம் என்று கூறுவது ஆன்மிகமாகாது; அதில் பொறாமையும் சற்றுக் கலந்திருக்கக்கூடும்.

ஆயினும் அலங்காரத்தையும் அச்சத்தையும் பிரித்தறிய வேண்டும். ஜெயநகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். "புகைப்படங்கள் காலத்திற்கும் இருக்கும் அம்மா. ஒரே ஒருமுறை போட்டுக்கொள்ளேன்" என்கிறாள் மகள். ஐம்பத்திரண்டு வயதுத் தாய்க்கும் உள்ளூர ஆசைதான். மகிழ்ச்சியான ஒரு நாளுக்காக, பட்டுப்புடவையைப் போல, அவர் இதைச் செய்துகொண்டு பிறகு மறந்துவிடுவாரானால் அது அலங்காரம். நான்காவது மாதத்தில் கோடு திரும்பும்போது, அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அவர் உறங்காமல் தவிப்பாரானால், ஊசி தொடங்கி வைத்தது வேறொன்று. முன்பு கோடு மட்டும் இருந்தது. இப்போது கோடும் இருக்கிறது, கோட்டைப் பற்றிய அச்சமும் இருக்கிறது.

பெங்களூரில் இந்த அச்சத்திற்கு மற்றொரு ஊற்றும் உண்டு. கணினித் துறையில் இருபத்தைந்து வயதினர் நிரம்பிய கூடத்தில் நாற்பத்தேழு வயதினர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் அவர் கை தன்னையறியாமல் நெற்றியைத் தடவுகிறது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. அவருடைய கவலை அற்பமானதன்று. வயதைக் குற்றமாகக் கருதும் ஒரு சமூகம் அவர் முகத்தில் அந்தக் கோட்டை ஆழமாக்குகிறது. முகத்தைத் திருத்திக்கொள்ளும்படி அவரைத் தூண்டுவதும் அதே சமூகம்தான். அனுபவசாலிகளை மதிக்கும் ஒரு மேலாளர் அவருக்குச் செய்யக்கூடிய நன்மையை எந்த மருந்துக் குப்பியாலும் செய்ய இயலாது. நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்கள் இதைத் தங்கள் சேவையாகவே ஏற்கலாம்.

செய்துகொள்வது என்று முடிவெடுத்தவர்கள் உலகியல் விவேகத்தையும் கைவிடலாகாது. இது மருத்துவரின் சீட்டின்றிக் கொடுக்கக்கூடாத மருந்து, முகப்பூச்சு அன்று. குறிப்பிட்ட குளிரில் பாதுகாக்கப்பட வேண்டியது. பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோ போட வேண்டியது. 2004-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒப்புதல் பெறாத நச்சைச் செலுத்தியதால் நால்வர் உடல் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தனர். 2024-இலும் அந்நாட்டில் போலி மருந்தால் பலர் நோயுற்றனர். நிரப்பும் கூழ் தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் தோல் கருகலாம்; அரிதாகப் பார்வையே போகலாம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தசைநோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று அழகு நிலையத்தில் போட்டுக்கொள்வதும், விருந்து போலக் கூடி வரிசையாகப் போட்டுக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது.

முகம் யாருக்குரியது?

முகத்தை நாம் நமக்குச் சொந்தமானதாகக் கருதுகிறோம். ஆனால் நம் முகத்தை நாம் பார்ப்பது ஒரு நாளில் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அது பிறருக்காகவே இருக்கிறது. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியல் அறிஞர் 1970-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சிறிது நேரம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தாய் அங்கேயேதான் அமர்ந்திருக்கிறாள். குழந்தையை நோக்கியபடியேதான் இருக்கிறாள். எனினும் குழந்தை முதலில் சிரித்து அழைக்கிறது, கை நீட்டுகிறது, பிறகு கலங்கி அழுகிறது. அசையும் முகமே குழந்தைக்குத் தாய். அளவோடு போடப்பட்ட ஊசி முகத்தை அவ்வாறு கல்லாக்கிவிடாது என்பது உண்மை. ஆயினும் புருவம் உயர்வதிலும் கண்ணோரம் சுருங்குவதிலும் அன்பு எவ்வளவு பயணம் செய்கிறது என்பதை இச்சோதனை உணர்த்துகிறது. பேரனைக் கண்டதும் பாட்டியின் முகமெங்கும் ஓடும் சுருக்கங்களை எந்தப் பேரனும் குறையாகக் கண்டதில்லை.

நியாயத்திற்காக மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் புருவ மத்தியில் இந்த ஊசி போட்டபோது சிலருக்குச் சோர்வு குறைந்ததாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். முகம் இறுகினால் மனமும் இறுகும், முகம் தளர்ந்தால் மனமும் சற்றுத் தளரும் என்பது நம் யோகியருக்குப் புதிய செய்தியன்று. தியானத்தில் அமர்பவரிடம் நெற்றியைத் தளர்த்து, தாடையைத் தளர்த்து என்று ஆசிரியர் கூறுவது இதனால்தான். ஆனால் பதஞ்சலி முனிவர் மனத்தெளிவுக்குக் கூறிய வழி இன்னும் ஆழமானது. இன்புற்றவரிடம் நட்பு, துன்புற்றவரிடம் கருணை, நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பொருட்படுத்தாமை. இந்நான்கையும் பழகப் பழக, புருவத்தை நெரிக்கும்படியான ஆணையே மனத்திலிருந்து புறப்படுவது குறைகிறது. ஓலையை வழியில் மறிக்கும் தேவை அப்போது இருப்பதில்லை.

பகவத் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்தின் அங்கங்களைக் கூறிவரும் பகவான், பிறப்பு, இறப்பு, மூப்பு, நோய் ஆகியவற்றின் குறையை மீண்டும் மீண்டும் காண்பதையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறார். மீண்டும் மீண்டும் என்பதை ஆசாரியர்கள் வலியுறுத்துவர். நோயைக் காண மருத்துவமனைக்கும், மரணத்தைக் காண மயானத்திற்கும் செல்ல வேண்டும். மூப்பைக் காண எங்கும் செல்ல வேண்டியதில்லை. காலையில் முகம் கழுவும் இடத்திலேயே அந்தப் பாடம் இலவசமாக நடக்கிறது. கம்பரின் தசரதன் காதோரத்தில் நரைத்த ஒற்றை முடியைக் கண்டான். அரசை மகனிடம் ஒப்படைத்துத் தவம் செய்யும் பருவம் இது என்று அது தன் காதில் சொல்ல வந்ததாக எடுத்துக்கொண்டான்.

இளமையின் இரகசியத்தைக் கூறிய வேறொரு மனிதரும் தமிழ் மரபில் உண்டு. கோப்பெருஞ்சோழன் அரசைத் துறந்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தான் ஒருமுறையேனும் கண்டிராத பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையார் தன்னைத் தேடி வருவார் என்று உறுதியாக நம்பினான். தன் அருகில் அவருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவரும் வந்தார். அங்கிருந்த சான்றோர் வியந்து, உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயினவே, இன்னும் உமக்கு நரை தோன்றவில்லையே, இது எவ்வாறு என்று வினவினர். புறநானூற்றின் 191-ஆம் பாட்டு அவருடைய விடை. தம் மனைவி மாண்புடையவர்; மக்கள் அறிவு நிரம்பியவர்கள்; ஏவலர் தம் எண்ணத்தையே எண்ணுபவர்கள்; வேந்தன் தீமை செய்யாமல் காப்பவன்; இவற்றுக்கும் மேலாக, தம் ஊரில் அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்றார். உண்ட மருந்தைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. தம் முகம் தெளிவாக இருப்பதற்குத் தம்மைச் சுற்றியிருந்த மனிதர்களையே காரணமாகக் காட்டினார்.

நரை காணாத அந்தப் புலவர், தமக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் வடக்கு நோக்கி அமர்ந்தார்.